பழைய இயங்குதளமும் புதிய கணிப்பொறியும்



2017ஆம் ஆண்டில் ஒரு நாள், ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அங்கே நிறமாலை ஒளிமானி ஒன்று இருந்தது. கரைசல் ஒன்றின் ஊடே ஒளியைச் செலுத்தி, எந்த அலைநீளமுள்ள ஒளியை அக்கரைசல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து காட்டும் கருவி அது. கருவிக்கு யாதொரு குறையும் இல்லை. அதனை நடத்தி வந்த கணிப்பொறிதான் நின்றுபோயிற்று; அதன் தாய்ப்பலகை எரிந்துவிட்டது.

கல்லூரியார் தாமதியாமல் புதிய கணிப்பொறி ஒன்றை வாங்கிவிட்டார்கள். ஆனால் கருவியோடு வந்த மென்பொருளும், கருவியைக் கணிப்பொறியோடு இணைக்கும் அட்டையும் விண்டோஸ் 7 என்னும் இயங்குதளத்தில், அதிலும் அதன் 32 பிட் வகையில்தான் வேலை செய்யும். கருவியைச் செய்தவர்கள் பின்னால் வந்த இயங்குதளங்களுக்கென்று எதுவும் எழுதித் தரவில்லை. புதிய கருவி வாங்குவதென்றால் பல லட்ச ரூபாய் வேண்டும். அன்றியும், ஆராய்ச்சி மாணவி ஒருவர் இரண்டு ஆண்டுகளாக எடுத்த அளவீடுகள் யாவும் பழைய கணிப்பொறியின் வட்டில் இருந்தன. அந்த மென்பொருள் ஒன்றுக்கே புரியும் வடிவத்தில் அவை எழுதப்பட்டிருந்தன. வேறு பிரதி இல்லை. அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

ஆகவே, பழையதை விட்டுத் தொலைத்துப் புதியதைப் போட்டுக்கொள்ளலாமே என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. ஆய்வுக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் இதுபோன்ற நிலை அடிக்கடி நேர்கிறது. கருவி இருபது ஆண்டுகள் உழைக்கும். கணிப்பொறி ஆறேழு ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். கருவியின் ஆயுளுக்கும் கணிப்பொறியின் ஆயுளுக்கும் உள்ள இந்த வேற்றுமையிலிருந்துதான் நாம் இன்று பேசப்போகும் தொல்லை பிறக்கிறது.

நான் போவதற்கு முன், பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் இரண்டு நாள் பாடுபட்டிருந்தார். பழைய வட்டை எடுத்து அப்படியே புதிய பெட்டியில் மாட்டிப் பார்த்தார். திரை முழுவதும் நீலமாகி, 7பி என்று முடியும் பிழை எண் ஒன்று தோன்றியது. பிறகு விண்டோஸ் 7-ஐப் புதிதாக நிறுவ முயன்றார். நிறுவுவதற்கான பென் டிரைவைக் கணிப்பொறி முதலில் ஏற்கவே மறுத்தது. அமைப்புகளை மாற்றியபின் ஏற்றது. ஆனால் மொழியைத் தேர்ந்தெடுக்கும் முதல் திரையிலேயே விசைப்பலகையும் மவுஸும் செயலற்றுப் போயின. வேறொரு விசைப்பலகை கொண்டுவந்து மேலே சென்றால், 'தேவையான சி.டி., டி.வி.டி. டிரைவர் இல்லை' என்று ஓர் அறிவிப்பு வந்தது. அந்தக் கணிப்பொறியில் சி.டி. செருகவே இல்லை என்பதைக் கவனியுங்கள். "பென் டிரைவில் கோளாறு சார், மூன்று தடவை மாற்றி எழுதிவிட்டேன்" என்றார் அவர். மூன்று தடவையும் அதே இடத்தில், அதே சொற்களோடு நின்றது. கோளாறு பென் டிரைவில் இருந்திருந்தால் அது இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டிராது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் நிற்கும் வண்டிக்கு, அந்த இடத்தில்தான் ஏதோ காரணம் இருக்கவேண்டும்.

காரணத்தை அறிய, கணிப்பொறி எவ்வாறு விழித்தெழுகிறது என்று சற்றே பார்ப்போம்.

மின்விசையைப் போட்டவுடன் முதலில் எழுவது இயங்குதளம் அன்று. தாய்ப்பலகையிலேயே பதிந்துவைத்த சிறு நிரல் ஒன்று எழுகிறது. 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சொந்தக் கணிப்பொறி வந்த காலந்தொட்டு அதற்குப் பயாஸ் என்று பெயர். இப்பொழுது அதன் இடத்தில் யூ.இ.எஃப்.ஐ. என்னும் புதிய முறை இருக்கிறது. இந்த நிரல் நினைவகம், விசைப்பலகை, வட்டு எல்லாவற்றையும் தட்டி எழுப்புகிறது. பிறகு இயங்குதளத்தின் தொடக்கப் பகுதியை வட்டிலிருந்து நினைவகத்தில் ஏற்றி, அதனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. பொறுப்பேற்ற இயங்குதளம், ஒவ்வோர் உறுப்போடும் தானே பேசத் தொடங்குகிறது. அப்படிப் பேசுவதற்கு ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய மொழிபெயர்ப்பாளன் ஒருவன் வேண்டும். அவனைத்தான் டிரைவர் என்கிறோம்.

விண்டோஸ் 7 வெளியானது 2009ஆம் ஆண்டு அக்டோபரில். அந்நாளில் உலகில் இருந்த உறுப்புகள் பலவற்றுக்கு அதில் டிரைவர் இருக்கும். பின்னால் வந்தவற்றுக்கு இராது. பழைய விலாசப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, புதிய தெருக்கள் தோன்றிவிட்ட ஊருக்குள் வரும் தபால்காரரை எண்ணிக்கொள்ளுங்கள். வீடு கண்ணெதிரே இருக்கும். "அப்படியொரு வீடு இல்லை" என்பார் அவர். அவர் பொய் சொல்லவில்லை. தம் பட்டியலில் இல்லை என்பதைத்தான் அவ்வாறு சொல்கிறார்.

இனி அந்த இளைஞர் கண்ட தடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

பழைய வட்டை மாட்டியபோது வந்த நீலத்திரைக்குக் காரணம் எளிது. 7பி என்று முடியும் அந்த எண்ணின் பொருள், 'தொடங்க வேண்டிய வட்டை என்னால் அணுக முடியவில்லை' என்பதாகும். வட்டோடு பேசுவதற்கு ஐ.டி.இ. என்று பழைய முறை ஒன்றும், ஏ.எச்.சி.ஐ. என்று புதிய முறை ஒன்றும் உண்டு. விண்டோஸ் 7-க்கு இரண்டும் தெரியும். ஆனால் நிறுவிய நாளில் எந்த முறை இருந்ததோ அதற்குரிய டிரைவரை மட்டுமே தொடங்கும்போது எழுப்பும், மற்றதை உறங்கவிட்டுவிடும். பழைய பெட்டி ஐ.டி.இ. முறையில் இருந்தது, புதியது ஏ.எச்.சி.ஐ. முறையில். அதற்கும் முந்திய விண்டோஸ் எக்ஸ்.பி.க்கோ ஏ.எச்.சி.ஐ. முறையே தெரியாது. 2001இல் வந்த அந்த இயங்குதளத்தைப் பிற்காலக் கணிப்பொறிகளில் நிறுவ முயன்றவர்கள் பட்ட பாடு பெரிது. நிறுவத் தொடங்கியதும் எஃப்6 விசையை அழுத்தி, டிரைவரை நெகிழ்வட்டில் கொடுக்கவேண்டும் என்றது அது. புதிய கணிப்பொறிகளிலோ நெகிழ்வட்டு செருகும் வாய் மறைந்துகொண்டிருந்தது. தாய்ப்பலகையின் அமைப்பில் ஐ.டி.இ. முறைக்குத் திருப்பிக்கொண்டு தப்பியவர் பலர்.

அடுத்தது, பென் டிரைவை ஏற்க மறுத்தது. இது டிரைவரைப் பற்றிய சங்கதி அன்று. யூ.இ.எஃப்.ஐ. முறையில் செக்யூர் பூட் என்று ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. தக்க கையொப்பம் உள்ள தொடக்க நிரலை மட்டுமே அது உள்ளே விடும். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது இது பரவிற்று; விண்டோஸ் 7 அதற்கு ஏற்பச் செய்யப்பட்டதன்று. ஆகையால் அக்காவலை நிறுத்தவேண்டும். அது மட்டும் போதாது. 32 பிட் விண்டோஸ் 7 யூ.இ.எஃப்.ஐ. வழியே தொடங்கவே தொடங்காது. பழைய பயாஸ் வழி வேண்டும். அதற்காகத் தாய்ப்பலகைகளில் சி.எஸ்.எம். என்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். புதிய நிரலே பழைய பயாஸைப்போல் நடித்துக் காட்டும் ஏற்பாடு அது. 64 பிட் வகை யூ.இ.எஃப்.ஐ. வழியே தொடங்கும் என்றாலும், திரையில் படம் வரைவதற்குப் பழைய பயாஸின் உதவியை நாடும். சி.எஸ்.எம். இல்லாவிடில், விண்டோஸ் தொடங்குகிறது என்ற எழுத்துகளோடு திரை அப்படியே நின்றுவிடும். நம் இளைஞர் இவை இரண்டையும் சரியாகவே செய்து முடித்திருந்தார்.

மூன்றாவது தடைதான் மிகவும் சுவையானது. விசைப்பலகை தாய்ப்பலகையின் அமைப்புத் திரையில் நன்றாக வேலை செய்தது. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் திரையிலும் வேலை செய்தது. விண்டோஸின் முதல் திரை வந்ததும் செத்துவிட்டது. அதிலிருந்த சிறு விளக்குகூட அணைந்துவிட்டது. விசைப்பலகையில் பழுது என்று சொல்ல முடியுமா? ஒரு நிமிடத்திற்கு முன் வேலை செய்ததே!

நேர்ந்தது இதுதான். முதல் இரண்டு திரைகளிலும் விசைப்பலகையோடு பேசிக்கொண்டிருந்தது தாய்ப்பலகையின் நிரல். அதனிடம் அதற்குரிய டிரைவர் இருந்தது. விண்டோஸ் பொறுப்பேற்றவுடன் அது விலகிக்கொண்டது. இப்பொழுது விண்டோஸ் தன் டிரைவரைக் கொண்டு யூ.எஸ்.பி. துளைகளோடு பேசவேண்டும். யூ.எஸ்.பி. 3.0 என்னும் விதிமுறை 2008 நவம்பரில் வெளியாயிற்று. அதற்குரிய எக்ஸ்.எச்.சி.ஐ. என்னும் கட்டுப்பாட்டு உறுப்புக்கான டிரைவர், ஓராண்டு கழித்து வந்த விண்டோஸ் 7-இல் சேரவில்லை. விண்டோஸ் 8-இல்தான் சேர்ந்தது. ஆனால் பல ஆண்டுகள் இது யாருக்கும் உறுத்தவில்லை. ஏனெனில் தாய்ப்பலகைகளில் பழைய யூ.எஸ்.பி. 2.0 கட்டுப்பாட்டு உறுப்பும் கூடவே இருந்துவந்தது. 2015இல் இன்டெல் நிறுவனம் ஸ்கைலேக் என்னும் ஆறாம் தலைமுறைச் செயலியைக் கொணர்ந்தபோது, அதனோடு வந்த துணைச் சில்லில் பழைய உறுப்பை நீக்கிவிட்டது. அன்றிலிருந்து எல்லா யூ.எஸ்.பி. துளைகளும் புதிய உறுப்பின் கீழ் வந்துவிட்டன. கறுப்பு நிறத் துளையில் செருகினால் பழைய யூ.எஸ்.பி., நீல நிறத் துளையில் செருகினால் புதியது என்று அதுவரை நாம் கைக்கொண்டிருந்த வித்தை பலிக்காமல் போனது இதனால்தான்.

நல்ல வேளையாக அந்தத் தாய்ப்பலகையில் பி.எஸ்.2 என்னும் பழைய வட்டத் துளை ஒன்று மிஞ்சியிருந்தது. அதற்கு வேண்டிய டிரைவர் விண்டோஸ் 7-க்கு உண்டு. எரிந்துபோன கணிப்பொறியின் வட்ட முனை விசைப்பலகையை இளைஞர் அதில் செருகி மேலே சென்றது சமர்த்தான காரியந்தான். ஆனால் அடுத்த அறிவிப்பு அவரைத் திசை திருப்பிவிட்டது. 'சி.டி., டி.வி.டி. டிரைவர் இல்லை' என்ற அந்த வாசகத்தை இப்பொழுது நீங்களே விளக்கிவிடுவீர்கள். நிறுவும் நிரலின் முதற்பகுதியைத் தாய்ப்பலகையின் நிரல் முழுவதுமாகப் பென் டிரைவிலிருந்து நினைவகத்தில் ஏற்றிவிட்டது. அதனால் அது ஓடிற்று. ஓடத் தொடங்கியபின், எஞ்சிய பெரும் பகுதியைத் தேடிப் பென் டிரைவைத் திரும்பிப் பார்த்தது. பென் டிரைவோ யூ.எஸ்.பி. துளையில் இருக்கிறது. யூ.எஸ்.பி. துளைக்கு டிரைவர் இல்லை. தான் ஏறிவந்த ஏணியையே காணோம் என்கிறது! இதனை எழுதியவர்கள், நிறுவுவோர் வட்டிலிருந்துதான் நிறுவுவார்கள் என்று எண்ணி அறிவிப்பின் வாசகத்தை அமைத்துவிட்டார்கள். அதனை எழுத்துக்கு எழுத்து நம்பினால் நாமும் மூன்று தடவை பென் டிரைவை மாற்றி எழுதிக்கொண்டிருப்போம்.

பிழை அறிவிப்பு சொல்லும் பொருள் ஒன்றும் உண்மையான காரணம் வேறொன்றுமாக இருப்பதற்கு இதைவிட வேடிக்கையான உதாரணங்கள் உண்டு. 1998இல் வந்த விண்டோஸ் 98-ஐ, 512 மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் உள்ள கணிப்பொறியில் போட்டால், 'நினைவகம் போதவில்லை' என்று அறிவிக்கும். இருப்பதோ அளவுக்கு மிஞ்சிய நினைவகம்! வட்டிலிருந்து படித்தவற்றைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் பகுதியை, இருக்கும் நினைவகத்தின் அளவுக்கேற்ப அது பெரிதாக்கிக்கொண்டே போகும். அதற்கு முகவரி கொடுத்துக் கொடுத்து, முகவரிகளே தீர்ந்துவிடும். வேறு நிரல்களுக்குக் கொடுக்க முகவரி இல்லை. இதைத்தான் நினைவகம் இல்லை என்று சொல்கிறது. அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியைச் சேர்த்து, அந்தப் பகுதிக்கு ஓர் எல்லை வகுத்துவிட்டால் போதும்.

விண்டோஸ் 95-இன் கதை இன்னும் விசித்திரமானது. 2.1 கிகாஹெர்ட்ஸை விட வேகமான செயலியில் அது தொடங்கும்போது பாதுகாப்புப் பிழை என்று கூறி நின்றுவிடும். அதன் வலைப்பின்னல் பகுதி, செயலியின் வேகத்தை அறிய ஒரு சிறு சோதனை செய்கிறது. ஒன்றும் செய்யாத ஒரு சுற்றைக் குறிப்பிட்ட தடவை ஓடவிட்டு, அதற்கு எத்தனை மில்லிவினாடி ஆயிற்று என்று பார்த்து, அந்த எண்ணால் வகுக்கிறது. எழுதிய காலத்துச் செயலிகளுக்கு அதற்குக் கணிசமான நேரம் பிடித்தது. புதிய செயலியோ அவ்வளவையும் கண்ணிமைக்குமுன் முடித்துவிட, ஆன நேரம் பூஜ்யம் என்று அளவாகிறது. பூஜ்யத்தால் வகுப்பது எப்படி? பள்ளிப்பிள்ளையைப்போல் அதுவும் திகைத்து நின்றுவிடுகிறது. டர்போ பாஸ்கல் மொழியில் எழுதிய பல நிரல்களும், ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட செயலிகள் வந்தபோது, இதே போன்றதொரு வேகக் கணக்கினால் 200 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றன. நாளைய பொறி எவ்வளவு விரைவாக ஓடும் என்று எழுதியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வருவதில்லை. நாம் இன்று எழுதுகிறவற்றிலும் இப்படி எத்தனை ஒளிந்திருக்கின்றனவோ!

நிற்க. நம் ஆய்வுக்கூடத்திற்குத் திரும்புவோம்.

நான் உட்கார்ந்தவுடன் முதலில் செய்த காரியம் கணிப்பொறியின் மூடியைத் திறந்து, இளைஞர் மாட்டியிருந்த பழைய வட்டின் கம்பிகளைக் கழற்றியதுதான். அந்த வட்டை வேறொரு கணிப்பொறியில் இணைத்து, அதிலிருந்தவற்றையெல்லாம் இரண்டு இடங்களில் பிரதி எடுத்தோம். அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை வேறு எதையும் தொடவில்லை. வீண் தாமதம் என்று துறைத்தலைவருக்குத் தோன்றியிருக்கலாம். ஏன் அப்படிச் செய்தேன் என்பது பிறகு விளங்கும்.

அதன்பின் யூ.எஸ்.பி. டிரைவரை நிறுவும் கோப்புகளுக்குள்ளேயே சேர்த்தோம். விண்டோஸ் 7-இன் நிறுவும் கோப்புகளில் இரண்டு பெரிய பொதிகள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் பூட்.விம், நிறுவும் வேலையைச் செய்யும் சிறு விண்டோஸ் அதில் இருக்கிறது. மற்றொன்று இன்ஸ்டால்.விம், வட்டில் போய்க் குடியேறப்போகும் விண்டோஸ் அதில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் டிஸ்ம் என்னும் கருவியைக் கொண்டு இப்பொதிகளைத் திறந்து, டிரைவரை உள்ளே வைத்து மூடலாம். இந்த வேலையைத் தானே செய்து தரும் சிறு நிரல் ஒன்றை இன்டெல் நிறுவனமும் வெளியிட்டிருந்தது. நான் கையாலேயே செய்தேன். செய்ததும், புதிய யூ.எஸ்.பி. விசைப்பலகையும் மவுஸும் முதல் திரையிலேயே உயிர் பெற்றன. டிரைவர் இல்லை என்ற அறிவிப்பும் மறைந்தது.

அடுத்து, எந்த வட்டில் நிறுவுவது என்று கேட்கும் திரை வந்தது. பட்டியல் வெறுமையாக இருந்தது.

புதிய கணிப்பொறியில் இருந்தது என்.வி.எம்.இ. வகை வட்டு. வட்டு என்பதுகூடப் பழக்கத்தால் சொல்வது. விரல் நீளமுள்ள ஒரு சிறு பலகை. அதன் விதிமுறை 2011இல் வெளிவந்தது. விண்டோஸ் 7-க்குத் தெரிய நியாயமில்லை. நண்பர்களே, இவ்விடத்தில் சற்று நில்லுங்கள். பழைய வட்டை நாங்கள் கழற்றாமல் விட்டிருந்தால், அந்தப் பட்டியலில் வட்டு ஒன்றே ஒன்று தோன்றியிருக்கும். அது பழைய வட்டாக இருந்திருக்கும். கணிப்பொறியில் புதிய வட்டு இருக்கிறதென்று அறிந்த எவரும், இருக்கும் ஒன்றைப் புதியது என்றே எண்ணி, பக்கத்திலிருந்த அழிக்கும் பொத்தானை அழுத்தியிருப்பார்கள். இரண்டு ஆண்டு உழைப்பு இரண்டு வினாடியில் போயிருக்கும். இளைஞர் இதனை உடனே புரிந்துகொண்டார். அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்த டிரைவர் அறிவிப்பில் அவர் இரண்டு நாள் மாட்டிக்கொண்டு நின்றது ஒருவகையில் நல்லதாயிற்று. அதைத் தாண்டியிருந்தால் இந்தத் திரைக்குத்தான் வந்திருப்பார்.

என்.வி.எம்.இ. வட்டை விண்டோஸ் 7-க்குக் காட்டவும் வழி உண்டு. மைக்ரோசாஃப்ட் அதற்கென்று 2990941 என்ற எண்ணுள்ள திருத்தத்தைப் பின்னால் வெளியிட்டது. அதனைப் பொதிகளில் சேர்க்கலாம். ஆனால் எங்களுக்கு வேண்டியது பழைய பயாஸ் வழியே தொடங்கும் 32 பிட் வகை. அந்த வழியில் என்.வி.எம்.இ. வட்டிலிருந்து தொடங்குவதற்குப் பெரும்பாலான தாய்ப்பலகைகள் துணை செய்வதில்லை. ஆகவே மல்லுக்கட்டாமல், 500 கிகாபைட் கொள்ளளவுள்ள சாதாரண சேட்டா வட்டு ஒன்றை வாங்கிவரச் சொன்னேன். தடையை உடைப்பதைவிடச் சுற்றிக்கொண்டு போவது மலிவாக இருக்கும்போது, சுற்றிக்கொண்டு போவதில் மானக்குறைவு ஒன்றுமில்லை.

வட்டின் அளவைப் பற்றியும் ஒரு சொல். பயாஸ் வழியே தொடங்கும் விண்டோஸுக்கு வட்டின் பிரிவுகளை எம்.பி.ஆர். என்னும் பழைய அட்டவணை முறையில் எழுதவேண்டும். அம்முறை ஒவ்வோர் இடத்தையும் 32 பிட் எண்ணால் குறிக்கிறது. அப்படி 429 கோடிக்குச் சற்று மேற்பட்ட இடங்களைத்தான் குறிக்க முடியும். ஓரிடத்திற்கு 512 பைட் வீதம் கணக்கிட்டால் ஏறத்தாழ 2.2 டெராபைட் வரும். அதற்குமேல் உள்ள பகுதி வட்டில் இருந்தும் இல்லாததுபோலத்தான். வட்டு முன்னமே ஜி.பி.டி. என்னும் புதிய அட்டவணை முறையில் அமைந்திருந்தால் நிறுவ மறுக்கும். முறையை மாற்றும்போது உள்ளே இருப்பவை அழிந்துபோகும்.

நிறுவல் முடிந்தது. கணிப்பொறி மறுபடி தொடங்கிற்று. அழகான திரை வந்தது. விசைப்பலகையும் மவுஸும் மீண்டும் செத்துக் கிடந்தன. இம்முறை தவறு என்னுடையது. டிரைவரைப் பூட்.விம் பொதியில் மட்டும் வைத்தவன், இன்ஸ்டால்.விம் பொதியில் வைக்க மறந்துவிட்டேன். கலியாண மண்டபத்துக்கு விளக்குப் போட்டுவிட்டுக் குடித்தனம் செய்யப் போகும் வீட்டை இருட்டாக விட்ட கதை. பழைய வட்ட முனை விசைப்பலகையைச் செருகி ஒருவாறு சரிப்படுத்தியிருக்கலாம். முறையாகவே செய்வோம் என்று இரண்டாவது பொதியிலும் டிரைவரைச் சேர்த்து மறுபடி நிறுவினோம். அரை நாள் போயிற்று. இளைஞர் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை.

எஞ்சிய வேலைகளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வலைப்பின்னல் டிரைவரை வேறொரு கணிப்பொறியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இணையம் வருவதற்கு அந்த டிரைவர் வேண்டும், அந்த டிரைவர் வருவதற்கு இணையம் வேண்டும் என்ற சிக்கலில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். திரைக்கான டிரைவர் இல்லாவிட்டால் எழுத்துகள் பெரிதாகத் தெரியும், அதனால் ஆபத்தில்லை. 64 பிட் வகையாயின், புதிய டிரைவர்கள் ஷா-2 என்னும் முறையில் கையொப்பமிடப்பட்டிருக்கும். அதனை அறிந்துகொள்ளும் திருத்தத்தை முதலில் சேர்க்காவிடில், சரியான டிரைவரையே போலி என்று தள்ளிவிடும்.

இவ்வளவு பாடும் தேவைதானா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. புதிய இயங்குதளத்திற்குள்ளேயே மெய்நிகர் கணிப்பொறி ஒன்றை உண்டாக்கி, பழைய இயங்குதளத்தை அதற்குள் நிறுவும் முறை இருக்கிறது. அந்த மெய்நிகர் கணிப்பொறி, பழைய இயங்குதளத்துக்குத் தெரிந்த பழைய உறுப்புகளையே அதற்குக் காட்டும். தபால்காரரின் பட்டியலுக்கு ஏற்றபடி ஒரு பழைய தெருவையே கட்டிக்கொடுப்பது போன்றது இது. பழைய கோப்பைத் திறந்து பார்க்கவோ, பழைய நிரலை ஓட்டவோ இதுவே போதும். முதலில் இதைத்தான் முயன்று பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. உண்மையில், அந்த மாணவியின் அளவீடுகளை அன்று மாலையே இந்த முறையில்தான் திறந்து பார்த்தோம். கோப்புகள் யாவும் பழுதின்றி இருந்தன. ஆனால் அட்டை வழியே கருவியை நேராக ஆளவேண்டும் என்னும்போது மெய்நிகர் கணிப்பொறி எங்களுக்குக் கைகொடுக்கவில்லை. ஆகவேதான் உண்மையான பெட்டியில் நிறுவவேண்டியதாயிற்று.

இன்னொரு வகைத் தடையும் உண்டு. அது பொறியியல் காரணத்தால் வந்ததன்று. வணிகக் கொள்கையால் வந்தது. ஏழாம் தலைமுறை இன்டெல் செயலிகளும் அக்காலத்துப் புதிய ஏ.எம்.டி. செயலிகளும் விண்டோஸ் 10-இல் மட்டுமே ஆதரிக்கப்படும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2017இல் விண்டோஸ் 7-இல் வந்த திருத்தம் ஒன்று, அத்தகைய செயலியைக் கண்டால் மேற்கொண்டு திருத்தங்களைப் பெறவொட்டாமல் தடுத்துவிட்டது. இன்டெல் நிறுவனமும் 2020க்குள் பழைய பயாஸ் ஆதரவைக் கைவிடப்போவதாக 2017இல் கூறிற்று. ஆகவே இத்தகைய கருவி உள்ளவர்கள், வழிகள் அடைபடுமுன் தக்க கணிப்பொறி ஒன்றையும் மாற்று வட்டு ஒன்றையும் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. உரிமத்தையும் பார்த்துக்கொள்ளவேண்டும், பழைய பெட்டியோடு சேர்த்து விற்ற உரிமம் பெரும்பாலும் அப்பெட்டியோடே முடிந்துவிடும். அந்தக் கல்லூரியிடம் தனியாக வாங்கிய உரிமம் இருந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல், கருவி தன் விளக்கை ஏற்றிக்கொண்டு முதல் வளைவை வரைந்தது. மாணவி பழைய அளவீடு ஒன்றைத் திறந்து, அதே கரைசலை மறுபடி அளந்து, இரண்டு வளைவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். பொருந்தியிருந்தன. பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

2020 ஜனவரி 14ஆம் நாளோடு விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் பொதுவாக நின்றுபோயின. அந்த வாரமே கல்லூரியார் அக்கணிப்பொறியின் வலைப்பின்னல் கம்பியைக் கழற்றிவிட்டார்கள். அளவீடுகளை அன்றன்று ஒரு பென் டிரைவில் எடுத்துச் செல்கிறார்கள். அந்தப் பென் டிரைவை வேறெங்கும் செருகுவதில்லை, நோய்நிரல் தொற்றுமென்று. பெட்டியின்மேல், 'இதனை இணையத்தில் இணைக்காதீர்' என்று எழுதிய தாள் ஒட்டியிருக்கிறது. அதன் கீழுள்ள இழுப்பறையில், துணி சுற்றிய வட்ட முனை விசைப்பலகை ஒன்று இருக்கிறது.